செஞ்சியில் தேசிங்கு மட்டுமா?
திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலைக் கடக்கும்போது ஆற்காட்டு நவாப்கள் நினைவுக்கு வருவார்கள், கூடவே செஞ்சியும். 1714-இல் நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து மடிந்த தேசிங்கு ராஜன் ஓராண்டுகூட ஆளவில்லை. ஆனாலும் செஞ்சி என்றால் நமக்கு அவரும் அவர் குதிரையும்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ அந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது, மராத்தியர் கோட்டைகள் வரிசையில். மகிழ்ச்சிதான். ஆனால் சிவாஜி பிடித்த 1677 முதல் முகலாயரிடம் வீழ்ந்த 1698 வரை, மராத்தியர் அங்கிருந்தது 21 ஆண்டுகள். ஆனந்தக் கோன் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் கோட்டையில் இன்று நாம் அண்ணாந்து பார்ப்பவற்றில் பெரும்பகுதி விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. அதையும் உரக்கச் சொல்ல வேண்டாமா?

முகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் காக்கவைத்தது வீரம் மட்டுமல்ல, கட்டுமானமும். மூன்று குன்றுகளை இணைக்கும் மதில் சுமார் 13 கிலோமீட்டர். 800 அடி உயர ராஜகிரியில் உச்சியை நெருங்கும்போது பாறை சட்டென்று பிளந்து நிற்கும். ஒரு சிறு பாலம்தான் வழி. அதை எடுத்துவிட்டால் எதிரி அங்கேயே நிற்க வேண்டியதுதான். மேலே சுனையும் நெற்களஞ்சியமும் உண்டு. கீழே கல்யாண மகாலின் மேல்மாடிக்கே மண்குழாயில் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசைவைத்துப் பழகிய எங்கள் தெருக்காரர்களுக்கு அதன் அருமை புரியும். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும் ஆசிரியர்கள், குதிரைக் கதை முடிந்ததும் அந்தக் குழாயின் தடத்தையும் காட்டட்டும்.