ஒன்றை மட்டும் மாற்று, அதையும் எழுதி வை



போன ஞாயிறு மதியம் பழைய மாணவன் ஒருவன் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு என்னைப் பார்க்க வந்தான். கார் டிக்கியில் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர். இப்போது வரும் செட் இல்லை, பழைய வால்வு செட். பெங்களூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியதாம்.

"சார், டோன் சரியா வரல. நிறைய மாத்திட்டேன். இப்ப முன்னைவிட மோசமா இருக்கு."

அவனுக்கு சிப்காட்டில் டூல் ரூம் வேலை. ஆறு நாள் மைக்ரான் கணக்கு, ஞாயிறு காலை சர்ச்சில் கிட்டார். அவன் குறை இதுதான்: வால்யூம் ஏற்றினால் தடித்த கம்பியின் சத்தம் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. வீடியோக்களைப் பார்த்திருக்கிறான். அத்திப்பள்ளி தாண்டி எஸ்.பி. ரோடு வரை போய், ஒரு மாத ஓவர்டைம் பணத்துக்குப் பெயர் பெற்ற கண்டென்சர்களும் வால்வுகளும் வாங்கி வந்து, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். வயர்கள் உட்பட. பழைய பாகங்கள் குப்பைக்குப் போய்விட்டன. கொழகொழப்பு அப்படியே இருந்தது. புதிதாக ஒரு கீச்சொலி சேர்ந்துகொண்டது.

எந்த மாற்றத்தால் கீச்சொலி வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை.

"உன் மெஷின்ல அளவு தள்ளிப்போனா என்ன பண்ணுவ?"

"ஒரு செட்டிங்கை மட்டும் மாத்தி, ஒரு பீஸ் ஓட்டி, அளந்து எழுதுவேன் சார்." சொல்லிவிட்டு அவனே சிரித்துவிட்டான்.

நான் சொல்ல வந்ததும் அதுதான். நம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் ஒழுக்கம் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் விலையையும் பெயரையும் நம்புகிறோம்.

இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் கீச்சொலி. முதல் வால்வின் கிரிட்டுக்குப் போகும் வயரை அவன் அவுட்புட் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தான். வெளியே போகும் ஒலி மறுபடி உள்ளே நுழைந்தால் கத்தாமல் என்ன செய்யும்? பிரித்துத் தள்ளி வைத்தோம், நின்றது. செலவு பூஜ்யம்.

அடுத்தது கொழகொழப்பு. ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கடத்தும் கண்டென்சர் 0.022 மைக்ரோஃபாரட். அவன் வாங்கிப் போட்டதும் அதே 0.022. விலை மாறியது, மதிப்பு மாறவில்லை! பிறகு ஒலி எப்படி மாறும்? அதோடு சேரும் ரெசிஸ்டர் 1 மெகா ஓம். ஒன்றை 'இரண்டு பை ஆர் சி'யால் வகுத்தால் சுமார் 7 ஹெர்ட்ஸ் வரும். கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான். அதற்குக் கீழே உள்ள உதறலையெல்லாம் இந்த செட் விழுந்து விழுந்து பெருக்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் 0.0022 போட்டால் எல்லை 72 ஹெர்ட்ஸுக்கு வரும். 630 வோல்ட் தாங்கும் சாதாரண கண்டென்சர், சில ரூபாய்தான். போட்டு வாசித்தான். கம்பி கம்பியாகப் பிரிந்து கேட்டது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு முதல் வால்வான இ.சி.சி.83ஐ எடுத்துவிட்டு இ.சி.சி.81 செருகிப் பார்த்தோம். முன்னதன் பெருக்கம் 100, பின்னது 60. அதே பின், அதே சாக்கெட். ஒலி சாதுவாகிவிட்டது என்றான். கழற்றி, பழையபடி 83. பிடிக்கவில்லை என்றால் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும். அதனால்தான் பழைய பாகத்தைத் தூக்கிப் போடாதே என்கிறேன்.

பாகம் மாறினால் குரல் மாறும் என்பது உண்மைதான். 1962இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து ஒன்று செய்தார்கள். சர்க்யூட் கிட்டத்தட்ட அதேதான். வால்வும் ஸ்பீக்கரும் வேறு. பிறந்தது வேறொரு குரல். ராக் இசைக்கே அது அடையாளமாகிவிட்டது. ஆனால் எது மாறியது என்று அவர்களுக்குத் தெரியும். 'மொபைல் ஆப்பிலேயே இந்த டோன் வருமே' என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மேடைக்கு அது போதும். திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ள இதுதான் வேண்டும்.

கிளம்பும்போது ஒன்று சொன்னான். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

"அன்னைக்கு ராத்திரி பிளக்கை பிடுங்கிட்டுத்தான் சார் கை வெச்சேன். தூக்கி அடிச்சிடுச்சு. பாப்பா பக்கத்துலதான் தூங்கிட்டு இருந்தா."

வால்வுகளைக் கழற்றிய பிறகு ஒருமுறை ஆன் செய்து பார்த்திருக்கிறான். மின்னூட்டத்தை இழுத்துக் காலி செய்ய வால்வே இல்லை. பவர் சப்ளை கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறது.

'மின்தேக்கி மின்னூட்டத்தைச் சேமிக்கும்.' இந்த விடையை என் வகுப்பில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். எத்தனையோ வருடம் அதைக் கரும்பலகையில் எழுதினேன். அந்தச் சேமிப்பு ஆளைக் கொல்லும் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. பாடப்புத்தகத்து மின்தேக்கியும் கடையில் கேட்கும் கண்டென்சரும் ஒன்று என்றுகூட அழுத்திச் சொன்னதில்லை. அந்தப் பிழை என்னுடையது. தாமதமாகவாவது பாடத்தை முடித்துவிடுகிறேன்.

பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்றாக இன்சுலேஷன் செய்த கிளிப்பில் மாட்டி, ஒவ்வொரு பெரிய கண்டென்சரையும் சேஸிஸுக்கு டிஸ்சார்ஜ் செய்யுங்கள். மீட்டர் வைத்துப் பூஜ்யம் பார்த்த பிறகே தொடுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு செட்டை ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் வேலை செய்யாதீர்கள். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை.

அதன் பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே இடத்தில் போனை வைத்து, அதே வால்யூமில், அதே பாட்டை முன்னும் பின்னும் ரெக்கார்ட் செய்யுங்கள். எது எது என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதுங்கள்.

அவன் நோட்டு வாங்கிவிட்டான். முதல் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கையெழுத்து மட்டும் இன்னும் திருந்தவில்லை.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்