எண்பத்தொரு வயதில் திறந்த வாயில்

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் நம் சாலை வழியே ஓர் அம்மையார் பயணம் போகிறார். பத்மநாபபுரத்தில் புறப்பட்டு, முதல் இரவு குழித்துறையில் தங்கி, மறுநாள் களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றங்கரை வந்து இரண்டாம் இரவைக் கழித்து, மூன்றாம் நாள் திருவனந்தபுரம் சேர்கிறார். எல்லையில் இரு மாநிலத்துக் காவலரும் அவருக்கு மரியாதை செய்கின்றனர். அவர் யாரென்று நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை. யானைமீது வரும் அந்த அம்மையார் பத்மநாபபுரம் தேவாரக்கட்டுக் கலைமகள். கம்பர் வழிபட்ட திருவுருவம் என்று வழிவழியாகச் சொல்லப்படுபவர். வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் அவருக்குத் துணையாக வருகின்றனர்.

1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. மனிதர் வகுத்த அந்தக் கோட்டைக் கலைமகள் பொருட்படுத்தவில்லை. முன்போலவே ஆண்டுக்கொருமுறை போகிறார், வருகிறார். பிழைப்பை நாடி எல்லைக்கு இப்பால் வந்து குடியேறிய நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த ஊர்வலத்தைக் காணும்போதெல்லாம் மனத்தில் ஒரு நிறைவு உண்டாவதன் காரணமும் இதுவேயாகும்.

ஆயினும் இத்திங்கள் நாம் எழுதப் புகுந்தது ஊர்வலத்தைப் பற்றியன்று. அந்த ஊர்வலம் சென்று சேரும் மண்டபத்தையும், அதனுள் நுழைய நெடுங்காலம் காத்திருந்த நம் பாறசாலைப் பெண்மணி ஒருவரையும் பற்றி.

திருவனந்தபுரத்தில் பத்மநாபசாமி கோயிலை அடுத்து நவராத்திரி மண்டபம் உள்ளது. கலைமகளை அங்கே எழுந்தருளச் செய்து ஒன்பது மாலைகளிலும் இசை நிகழ்த்துவர். அந்த ஒன்பது நாட்களுக்கென்றே சுவாதித் திருநாள் மகாராசா ஒன்பது கீர்த்தனங்களை இயற்றினார். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, மூன்றாம் நாள் சாவேரி, நான்காம் நாள் தோடி என்று நாளுக்கு ஓர் இராகம் வகுக்கப்பட்டு, ஒன்பதாம் நாள் ஆரபியில் நிறைவுறும். பாடுவோர் தம் விருப்பப்படி இதை மாற்ற இயலாது. கேட்போரும் கைதட்டக் கூடாது. அது சபையன்று, சந்நிதி என்பதே அதன் பொருள்.

இத்துணைச் சிறந்த ஏற்பாட்டில் ஒரு முரண் மட்டும் தலைமுறை தலைமுறையாக யாருடைய கண்ணையும் உறுத்தாமல் இருந்தது. வீற்றிருப்பவள் பெண், கையில் வீணை ஏந்தியவள், கலைகளுக்கெல்லாம் தாய். அவள் முன்னே பெண் பாடக் கூடாது என்பது வழக்கம்!

பாறசாலை பி. பொன்னம்மாள் 1924-இல் பாறசாலையில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தார். திருவனந்தபுரத்தில் 1939-இல் ஓர் இசைக்கல்விக்கூடம் தொடங்கிற்று; அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அதன் முதல் தலைவர். சுவாதித் திருநாள் இசைக்கல்லூரி என்று பின்னர்ப் பெயர்பெற்ற அக்கூடத்தில் சேர்ந்த முதல் பெண் மாணவி நம் பொன்னம்மாள் என்பது எத்தனை வாசகர்களுக்குத் தெரியுமோ, அறியோம். முத்தையா பாகவதருக்குப் பின் தலைமை ஏற்ற செம்மங்குடி சீனிவாச ஐயர் முதலான பெரியோரிடம் அவர் பயின்றார். திருவனந்தபுரம் காட்டன்ஹில் பெண்கள் பள்ளியில் இசையாசிரியையானார். பின் தாம் படித்த கல்லூரியிலேயே ஆசிரியப் பணி ஏற்ற முதல் பெண்ணும் ஆனார். இறுதியில் திருப்பூணித்துறை ஆர். எல். வி. இசைக்கல்லூரிக்கு முதல்வராக உயர்ந்தார். அப்பதவியிலும் அவரே முதல் பெண்மணி.

முதல், முதல், முதல் என்று இத்தனை முறை எழுதவேண்டியிருக்கிறதே, இதைப் பெருமை என்று மட்டும் கொள்வதா? ஒவ்வொரு 'முதல்' என்னும் சொல்லுக்குப் பின்னும் அதுவரை அடைபட்டிருந்த ஒரு கதவு இருக்கிறது. கல்லூரிக் கதவு இளமையில் திறந்தது. ஆசிரியர் அறைக் கதவு நடுவயதுக்கு முன்னே திறந்தது. பாறசாலையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நவராத்திரி மண்டபத்தின் கதவு திறந்ததோ 2006-ஆம் ஆண்டு செப்டம்பரில்! அப்போது அவருக்கு வயது 81. திருவிதாங்கூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த இசைவாணர் அசுவதித் திருநாள் இராமவர்மா முன்னின்று முயன்றதன் பயனாக, அம்மண்டபத்தில் கச்சேரி செய்த முதல் பெண் என்னும் சிறப்பு பொன்னம்மாளுக்கு வாய்த்தது.

அதன்பின் நடந்ததே வியப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியை, பேரன் பேத்தி கண்டவர், இனி நாமம் சொல்லி நாளைக் கழிப்பார் என்று உலகம் கருதும் வயதில் இருந்தவர், மீண்டும் மேடைக்கு வந்தார். தொண்ணூறை நெருங்கியும் பாடினார். 2017-இல் நடுவண் அரசு பத்மசிறீ விருது அளித்தது. 2021 சூன் திங்களில், 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். இன்று நமக்குக் கேட்கக் கிடைக்கும் அவருடைய இசைப் பதிவுகளில் பல அந்த முதுமைக் காலத்தவை.

அவற்றுள் ஒன்றை அண்மையில் நண்பர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டோம். உடனிருந்த கல்லூரி மாணவர் ஒருவர், "பாட்டியின் குரல் நடுங்குகிறதே, இதை ஏன் இவ்வளவு ஆவலாகக் கேட்கிறீர்கள்?" என்றார். நேர்மையான கேள்வி. முதியவர் பாடினார் என்பதற்காகத் தலையாட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. குழந்தையின் மழலைக்குக் கைதட்டுவது போன்ற இரக்கமே ஆகும்.

ஆகவே பதிலைத் தேடி மீண்டும் ஒருமுறை கேட்டோம். மேல்தாயியில் குரல் முன்போல் எட்டவில்லை என்பது உண்மை. மூச்சு குறுகியிருப்பதும் உண்மை. ஆனால் அவர் எதையும் ஓட்டுவதில்லை. சவுக்க காலத்தில் ஒரு சுரத்தை எடுத்தால், அது தன் இடத்தில் அமர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடுகிறார். கமகத்தை வேண்டிய அளவே அசைக்கிறார். இளங்குரலுக்கு மூச்சும் வேகமும் கைக்குள் இருப்பதால் தேவையற்றதையும் பாடத் தோன்றும். முதுகுரலுக்குக் கையிருப்பு குறைவு. எனவே எது தேவை என்று தெரிந்தே செலவிடுகிறது. சிக்கனமான இல்லத்தரசியின் சமையலில் உப்பும் புளியும் சரியாக நிற்பதுபோல.

மாணவரோ மேனாட்டு இசையில் ஈடுபாடு உடையவர். அவர் வழியிலேயே சென்று விளக்க முயன்றோம். 1962-இல் இலண்டனில் தோன்றிய 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவை அவர் நன்கு அறிவார். அக்குழுவினருள் பெரும்பாலோர் எழுபதைக் கடந்தபின், 2015 டிசம்பரில் புதுப் பாடல்களைப் பதிவு செய்ய ஒலிப்பதிவு நிலையம் சென்றனர். கை பழகுவதற்காகப் பழைய 'புளூஸ்' பாடல் ஒன்றை வாசித்தனர். அது மனத்துக்கு இசையவே அடுத்ததை வாசித்தனர். மூன்றே நாட்களில் 12 பாடல்கள் சேர்ந்து, 'புளூ அண்டு லோன்சம்' என்னும் இசைத்தட்டாக 2016-இல் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றுகூட அவர்கள் இயற்றியதன்று. ஹவுலின் உல்ஃப், லிட்டில் வால்ட்டர் முதலிய கறுப்பின இசைவாணர்களின் பாடல்கள். இளமையில் அக்குழுவினர் இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுக் கற்ற பாடங்கள். ஐம்பதாண்டுப் புகழுக்குப் பின் அவர்கள் ஆசிரியர் வீட்டுத் திண்ணைக்கே திரும்பிவந்தனர் என்று சொல்லலாம்.

அந்தப் புளூஸ் இசையும் பெயர்ந்து போனவர்களின் இசைதான். அடிமைப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள் மிசிசிப்பிப் பருத்தி வயல்களை விட்டுச் சிகாகோ ஆலைகளுக்குப் பிழைக்கச் சென்றபோது, தம் பாட்டையும் உடன் கொண்டுசென்றனர். நகரத்து இரைச்சலில் கேட்கவேண்டுமென்று கிதாருக்கு மின்சாரம் ஏற்றினர். மூட்டையில் இடமில்லாதபோதும் பாட்டைக் கொண்டுபோகலாம் என்பது நம் குடும்பங்களுக்குப் புதிய செய்தியன்று.

மாணவர் ஒப்புக்கொண்டார். ஆனால் உடனே மற்றொன்றும் சொன்னார்: "அவர்களுக்கு ஐம்பதாண்டுகளாக எல்லா மேடையும் திறந்திருந்தது. இவருக்கு அப்படி இல்லையே?"

அந்தச் சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. அவர்கள் முதுமையில் வீடு திரும்பினர். இவர் முதுமையில்தான் வீட்டு வாயிலையே அடைந்தார். முப்பது வயதில், நாற்பது வயதில், குரல் முழுவலிமையோடு இருந்த நாளில், அதே தோடியையும் பைரவியையும் கலைமகள் முன் பொன்னம்மாள் பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதைக் கேட்டவர் யாருமில்லை. இனிக் கேட்பதற்கும் வழியில்லை. 2006-ஐக் கொண்டாடும்போது இந்த இழப்பையும் உடன் வைத்தே கொண்டாடவேண்டும். அந்நாளில் மறுக்கப்பட்டது ஒருவருக்கு மட்டுமன்று. பெயர் தெரியாத எத்தனை பாடகியர் அந்த வாயிலை நினையாமலே காலங்கழித்தனரோ!

"முன்னோர் வகுத்த வழக்கத்தை மாற்றலாமா?" என்று கேட்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்களை எள்ளி நகையாட நாம் விரும்பவில்லை. வழக்கங்களைக் காத்ததனால்தான் அந்த ஒன்பது கீர்த்தனங்களும் இன்றளவும் நாள்முறை தவறாமல் ஒலிக்கின்றன. ஆனால் 2006-இல் மாறியது எது? இராகம் மாறவில்லை; சாகித்தியம் மாறவில்லை; சந்நிதியின் அமைதி மாறவில்லை. பாடும் தொண்டை மட்டுமே மாறிற்று. அதன்பின் பெண் பாடகியர் பலர் அங்கே பாடியுள்ளனர். கலைமகளின் யானையும் ஆண்டுதோறும் முன்போலவே நம் சாலையைக் கடந்து போகிறது.

நிற்க. மண்டபத்துக் கதவு திறந்துவிட்டது; நம் வீட்டுக் கதவுகளின் நிலை என்ன? நம் பெண்மக்கள் வர்ணம் வரை பாடுவர். பத்தாம் வகுப்பு வந்ததும் பாட்டு நின்றுவிடும். திருமணப் பேச்சில் "பெண் பாடுவாளா?" என்று கேட்டு ஒரு பாட்டைப் பாடச் சொல்வர், பெரும்பாலும் அதுவே அவள் கடைசிக் கச்சேரி! நம் இல்லங்களில் திருப்புகழும் தாலாட்டும் கும்மியும் நெஞ்சில் நிறைத்து வைத்திருக்கும் ஆச்சிமார் எத்தனை பேர் அடுப்படியோடு நின்றுவிட்டனர்!

நம் திண்ணைக் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். பதிவு முடிந்ததும், உள்ளே முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த நண்பரின் தாயார், தாம் சிறுமியாயிருந்தபோது கற்ற நாட்டைக்குறிஞ்சிப் பாட்டு ஒன்றைத் தமக்குள் முனகியபடியே வெளியே வந்தார். எழுபதைத் தாண்டியவர். அவர் பாடக் கற்றவர் என்பது அதுநாள்வரை பெற்ற மகனுக்கே தெரியாது! "நீங்கள் சொல்லவே இல்லையே அம்மா" என்று நண்பர் கேட்க, "யாரும் கேட்கவில்லையே தம்பி" என்றார் அந்த அம்மையார். மாணவர் தம் கைப்பேசியை எடுத்து, மீண்டும் முதலிலிருந்து பாடுமாறு வேண்டினார். அடுப்பில் வாணலியை இறக்கிவைத்துவிட்டு வந்து பாடினார்.

வாசக அன்பர்களிடம் நாம் வேண்டுவன இரண்டு. வீட்டிலுள்ள முதியவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். குரல் நடுங்கினாலும் பாதகமில்லை. அதைவிட முதன்மையானது, வீட்டிலுள்ள சிறுமியரைப் பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள். எண்பத்தொரு வயதுவரை காத்திருக்க எல்லாருக்கும் ஆயுள் வாய்ப்பதில்லை.