எத்தனை நிமிடத்தில் அணைந்தது?

மார்கழி விடியற்காலை. ஜவ்வாது மலையில் பனி இறங்கியிருக்கிறது. குளியலறைக் குழாயைத் திறந்ததும் கேஸ் கீசர் பொறிவிட்டுப் பற்றிக்கொள்கிறது. தலைக்குச் சோப்புப் போட்ட நேரம் பார்த்து அணைந்துவிடுகிறது. குழாயை மூடித் திறந்தால் மறுபடி பற்றும், மறுபடி அணையும். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ மெக்கானிக் மலையேறி வரவேண்டும். வந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "சென்சார் வீக்கா இருக்கு சார், டைரக்ட் பண்ணி விட்டுடறேன்" என்கிறார். ஐந்து நிமிட வேலை. அப்புறம் கீசர் அணையவே அணையாது. வீட்டுக்காரருக்கு நிம்மதி.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. கேஸில் எரியும் கருவி தானாக அணைகிறது என்றால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒரு காவல் அதை அணைத்திருக்கிறது. நாய் விடாமல் குரைத்தால் வாசலில் யார் என்று பார்ப்போம். நாயின் வாயைக் கட்டமாட்டோம். 'டைரக்ட்' என்பது வாயைக் கட்டும் வேலை. வாசலில் நிற்பது யார் என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கையில் கடிகாரம் இருந்தால் போதும். பற்றியதிலிருந்து எவ்வளவு நேரத்தில் அணைந்தது? இந்த ஒரு கேள்விக்கான பதிலே பாதி நோயைச் சொல்லிவிடும்.

முதலில் கீசர் பற்றும் வரிசையைத் தெரிந்துகொள்வோம். குழாயைத் திறந்ததும் ஓடும் நீரின் அழுத்தம் உள்ளே ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளுகிறது. அது ஒரு சிறு சுவிட்சை அழுத்துகிறது. அடியில் இருக்கும் இரண்டு பெரிய பேட்டரிகளின் மின்சாரத்தால் பொறி பறக்கிறது, கேஸ் வால்வு திறக்கிறது, தீ பற்றுகிறது. தீயை ஒட்டி ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். "தீ உண்மையிலேயே எரிகிறதா?" என்று பார்ப்பது அதன் வேலை. நெருப்பின் ஊடாக மிக நுண்ணிய மின்னோட்டம் பாயும். ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்குதான் அது. அந்த ஓட்டம் கிடைத்தால் வால்வு திறந்தே இருக்கும், கிடைக்காவிட்டால் மூடிவிடும். எரியாத கேஸ் அறைக்குள் நிரம்பக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

ஆகவே, பற்றிய சில வினாடிகளிலேயே அணைந்தால் முதல் சந்தேகம் அந்தக் கம்பியின் மேல். கரியோ துருவோ படிந்திருந்தால் எரிகிற தீயும் அதற்குத் தெரியாது. நம் கண்ணில் தீ இருக்கிறது; கம்பிக்கு இல்லை. அடுத்த சந்தேகம் பேட்டரி. பொறி விடும் அளவுக்கு உயிர் இருந்தும் வால்வைப் பிடித்து வைக்கத் தெம்பில்லாமல் போயிருக்கலாம். குளிரில் பேட்டரியின் வலு இன்னும் குறையும். இவை தவிர, சிலிண்டர் மாற்றிய அன்று டியூபில் காற்று அடைத்திருந்தால் ஓரிரு முறை பற்றி அணைவது சகஜம். அது தானே சரியாகிவிடும்.

இதே கதை கடல் கடந்தும் நடக்கிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வாழும் ஈழத்தமிழர் வீடுகளிலும் நிலவறையில் கேஸ் ஃபர்னஸ் இருக்கும்; வீடு முழுவதற்கும் சூடான காற்றை அனுப்புவது அதுதான். பனிக்காலத்தில் அது பற்றிச் சில வினாடிகளில் அணைந்தால், அங்கேயும் முதலில் பார்ப்பது தீயைக் காணும் கம்பியைத்தான். சில நிமிடம் எரிந்து அணைந்தால் காற்று வடிகட்டியைப் பார்ப்பார்கள். அது தூசியில் அடைபட்டால் காற்றோட்டம் குறைந்து உள்ளே சூடேறும். சூட்டுக் காவல் தீயை நிறுத்திவிடும். நம் கீசரில் காற்றின் இடத்தில் நீர் இருக்கிறது. முறை ஒன்றுதான்.

சில நிமிடம் எரிந்து அணைகிறது என்றால் நீரைப் பாருங்கள். மலை வீடுகளில் பெரும்பாலும் கூரைமேல் ஒரு தொட்டிதான். தொட்டிக்கும் கீசருக்கும் உயர இடைவெளி சிறிதாக இருந்தால் அழுத்தம் போதாது. தொட்டி இறங்க இறங்க அது இன்னும் குறையும், சவ்வு பின்வாங்கும், தீ அணையும். சமையலறையில் யாராவது குழாயைத் திறந்த கணத்தில் அணைந்தாலும் காரணம் இதுவே. கீசரில் நீர் நுழையும் இடத்தில் ஒரு சிறு வலை இருக்கும். மழைக்குப் பின் கலங்கி வரும் நீர் அதில் மண்ணாய்ப் படியும். ஆழ்துளைக் கிணற்று நீரானால் செம்புச் சுருளுக்குள் உப்பு படியும். ஓட்டம் குறைந்து, நின்ற நீர் கொதிநிலையை நெருங்கும்போது சூட்டுக் காவல் வேலை செய்கிறது. வலையைக் கழுவுவதும் உப்பை எடுப்பதும்தான் இதற்கு மருந்து.

சில நிமிடங்களில் அணைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயிரோடு தொடர்புடையது அதுதான். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்தி, வென்டிலேட்டரில் துணியை அடைத்துவிட்டுக் குளிக்கிறோம். கீசர் அதே அறையில் எரிந்தால், அறையின் ஆக்சிஜனைத் தீயும் நாமும் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஆக்சிஜன் குறையக் குறையத் தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு மயக்கம். உள்ளே தாழிட்டிருப்பதால் வெளியே யாருக்கும் தெரியாது. இந்திய நரம்பியல் மருத்துவர்கள் இதற்குக் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

கேஸ் கசிந்தால் நாறுமே என்று நினைக்கலாம். நாறுவது எரியாத கேஸ். அதில் கலந்திருக்கும் எத்தில் மெர்காப்டனின் வாடை அது. கேஸ் எரியும்போது அந்த வாடையும் எரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. மூக்கு இங்கே உதவாது. அதனால்தான் பல கீசர்களில் ஆக்சிஜன் குறைந்தால் தீயை அணைக்கும் சென்சார் வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்து வைத்தால் அணையாமல் எரிகிறது, சாத்தினால் அணைகிறது என்றால், கருவி சரியாகவே இருக்கிறது, அறைதான் பழுது. கீசரையும் சிலிண்டரையும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுவதே தீர்வு.

மலை உயரமும் இதில் சிறு பங்கு வகிக்கிறது. இதே ஜவ்வாது மலையில் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சென்னைக் கடற்கரையைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவு. இதனால் மட்டும் கீசர் அணைந்துவிடாது. ஆனால் அடைத்த அறையில், கையிருப்பே சற்றுக் குறைவான ஆக்சிஜனோடு கணக்கைத் தொடங்குகிறோம்.

ஏறத்தாழ 20 நிமிடம் எரிந்து, ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் அணைகிறதா? மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டாம். பல கீசர்களில் 20 நிமிடத்தில் தானே நிறுத்தும் டைமர் உண்டு. குளிக்கப் போனவர் உள்ளே மயங்கி விழுந்திருந்தால் தீயாவது நிற்கட்டும் என்பதற்கான காவல் அது. குழாயை மூடித் திறந்தால் மறுபடி பற்றும்.

கடைசியாக ஒரு வகை. சட்டென்று அணையாமல் தீ மெல்ல மெல்லச் சுருங்கி அணைவது. இதற்கு விடை கீசரில் இல்லை, சிலிண்டரில் இருக்கிறது. சிலிண்டருக்குள் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். அது ஆவியாகித்தான் வெளியே வரவேண்டும். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேன் 0 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். 30 டிகிரி வெயிலில் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் 10 டிகிரிக் குளிரில் ஏறத்தாழ பாதியாகிவிடும். போதாததற்கு, ஒரு கிலோ திரவம் ஆவியாக, ஏறத்தாழ ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவு வெப்பத்தை அது எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும். எடுப்பது தன்னிடமிருந்தும் தன் இரும்புக் கூட்டிடமிருந்தும்தான். அதனால்தான் நெடுநேரம் எரிந்தபின் சிலிண்டரின் அடிப்பகுதி சில்லென்று வியர்த்திருக்கும்.

வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் குடிக்கும் கேஸைப்போல் கீசர் ஐந்தாறு மடங்கு குடிக்கும். இரண்டும் ஒரே 14.2 கிலோ சிலிண்டரில் இருந்தால், குளிர்ந்த காலையில் ஆவியாகும் வேகத்தைவிட எரியும் வேகம் மிஞ்சிவிடும். புரோப்பேன் முன்னால் தீர்ந்து, சோம்பேறிப் பியூட்டேன் அடியில் தங்குவதால், சிலிண்டர் தீரும் தறுவாயில் இது இன்னும் மோசமாகும். மேகமில்லாத இரவில்தான் தரை அதிகம் குளிரும். காவலூர்த் தொலைநோக்கிக்கு வாய்ப்பான இரவு, சிலிண்டருக்கு வாய்க்காத இரவு.

கேஸ் மிச்சமிருக்கிறதா என்று அறிய, ஈரத் துணியால் சிலிண்டரைத் துடைத்துப் பாருங்கள். திரவம் இருக்கும் அளவுக்கு ஈரம் மெதுவாகக் காயும். மேலே சீக்கிரம் காய்ந்துவிடும். மிச்சமிருந்தும் தீ சுருங்கினால், சிலிண்டரை வெறும் சிமென்ட் தரையில் வைக்காமல் பலகைமேல் நிறுத்துங்கள். அடுப்பும் கீசரும் ஒரே நேரத்தில் எரிய வேண்டாம். முடிந்தால் கீசருக்குத் தனிச் சிலிண்டர் வையுங்கள். சிலிண்டரைச் சாய்த்துப் படுக்க வைப்பது, தலைகீழாகக் கவிழ்ப்பது, கொதிநீர் ஊற்றுவது, தணலுக்கு அருகில் நகர்த்துவது ஆகியவற்றைச் செய்யவே கூடாது. சாய்த்தால் ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். சிறு தீ ஒரே கணத்தில் பெருந்தீயாகும்.

பேட்டரி மாற்றுவது, வலையைக் கழுவுவது, ஜன்னலைத் திறப்பது, சிலிண்டரைப் பலகைமேல் வைப்பது ஆகிய நான்கும் வீட்டுக்காரர் வேலை. கம்பியையும் வால்வையும் சென்சாரையும் தொடுவது பயிற்சி பெற்றவர் வேலை. கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906ஐ அழைக்க வேண்டும். குளியலறையில் யாராவது மயங்கினால் முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108ஐ அழைக்க வேண்டும்.

மலைக்கு மெக்கானிக் ஒருமுறை வருவதே பாடு. சாமான் இல்லை என்று திரும்பிப் போய் மறுமுறை வருவது பெரும்பாடு. எனவே போனில் "கீசர் அணையுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "எட்டு வினாடியில் அணையுது, பேட்டரி புதுசு" என்றோ, "நாலு நிமிஷத்தில் அணையுது, கதவைத் திறந்தா அணையல" என்றோ சொல்லுங்கள். முதல் பேச்சுக்கு அவர் சரியான கம்பியைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறுவார். இரண்டாவது பேச்சுக்கு அவர் ஏறி வரவே வேண்டியதில்லை. துணியை எடுத்துவிட்டு வென்டிலேட்டரைத் திறக்கவும், கீசரை வெளிச்சுவருக்கு மாற்றும்வரை வாளியில் வெந்நீர் பிடித்துக் குளிக்கவும் சொல்லிவிட்டு போனை வைத்துவிடலாம்.