கோப்பாய் கல்லறைகளும் எமது விமர்சனங்களும்

கோப்பாயில் புலிகளின் மாவீரர் துயிலும் இல்லம் இருந்தது. கல்லறைகள் இடிக்கப்பட்டு, 2011இல் அந்நிலத்தில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. பிள்ளைகளை அங்கு புதைத்த பெற்றோர் நவம்பர் 27இல் வளாகத்துக்கு வெளியே நின்றே விளக்கேற்றுகின்றனர். புலிகளால் விரட்டப்பட்ட சமூகம் என்பதற்காக அந்தக் கண்ணீரை நாம் மறுக்க முடியாது.

1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். போரைப் பேசும் நாவலோ படமோ வரும்போது இந்த வலிகள் எல்லாவற்றையும் ஒரே நேர்மையோடு அணுகுகிறோமா?

ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' ஆவணப்படம் 2017இல் கான் விழாவில் திரையிடப்பட்டது. 1983 ஜூலை வன்முறையோடு, தமிழ் இயக்கங்கள் தமக்குள் செய்த கொலைகளையும் அது பேசியது. எதிர்ப்பினால் 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவிலிருந்து அது நீக்கப்பட்டது. பார்த்துவிட்டு மறுக்கும் வாய்ப்பே யாழ்ப்பாண மக்களுக்குத் தரப்படவில்லை. எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவுசெய்த 'முறிந்த பனை'யின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி திராணகம, நூல் வெளிவருமுன்பே, 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இதைச் சொல்லித் தமிழர்களை மட்டும் சாடுவது எளிது. எமது வீட்டில் என்ன நடந்தது? 2012இல் வானொலிப் பேட்டியில் சொன்ன ஒரு கருத்துக்காக ஸர்மிளா ஸெய்யித் அச்சுறுத்தப்பட்டார். 2014இல் அவரது 'உம்மத்' நாவல் வந்தது. போருக்குப் பின் கிழக்கின் முஸ்லிம், தமிழ்ப் பெண்கள் படும் பாட்டைச் சொன்ன நாவல் அது. ஆனால் எம்மிடையே பேச்சு நாவலைப் பற்றியதாக இல்லாமல் ஆளைப் பற்றியதாகவே இருந்தது. 2015இல் அவர் கொல்லப்பட்டதாகப் பொய்ச்செய்தி கூடப் பரப்பப்பட்டது. நாவலில் குறை இருந்தால் வாசித்துவிட்டு எழுதியிருக்கலாமே!

விமர்சகர் கேட்க வேண்டியவை மூன்றே. கொல்லப்பட்டவருக்குப் பெயரும் வீடும் இருக்கிறதா? கொன்றவர் யாரென்று சொல்லப்படுகிறதா? படைப்பாளி தன் சொந்தத் தரப்பு செய்ததையும் சொல்கிறாரா? மூன்றாவது கேள்விக்கு 'ஆம்' என்பவரை இரு சமூகங்களும் துரோகி என்றே அழைத்து வந்துள்ளன.

கோப்பாயில் ஆசிரியர் கலாசாலையும் உண்டு, தேசிய கல்வியியல் கல்லூரியும் உண்டு. அங்கு பயில்வோர் 'உம்மத்'தையும், முஸ்லிம் ஆசிரிய மாணவர்கள் 'முறிந்த பனை'யையும் வாசித்துவிட்டு வகுப்பறைக்குள் செல்லட்டும். அடுத்த தலைமுறையாவது மற்றவரின் கல்லறைக்கு முன்னாலும் ஒரு நிமிடம் நின்று பழகும்.