டோக்கியோவில் ஜாகை எங்கே?

ஜப்பானுக்குக் குடும்பத்துடன் புறப்படும் நம்மவர்கள், "டோக்கியோவில் எந்த ஹோட்டல் நல்லது?" என்று விசாரிக்கிறார்கள். "எந்தப் பேட்டை நல்லது?" என்பதல்லவா முதற் கேள்வி? ஹோட்டலில் நாம் தூங்கத்தான் போகிறோம். விழித்திருக்கும் நேரமெல்லாம் பேட்டையோடுதான் நமக்குச் சம்பந்தம்.

டோக்கியோவுக்கு ஒரே மையம் கிடையாது. ரயில் நிலையங்களைச் சுற்றி வளர்ந்த பல ஊர்கள் கூடி ஒரு மாநகரமாகியிருக்கின்றன. அவற்றை மாலைபோல் கோத்து நிற்பது யமனோதே ரயில் பாதை. சுமார் 34 மைல் அல்ல, 34 கிலோ மீட்டர்தான்; 30 நிலையங்கள்; ஒரு முறை சுற்றிவர ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த மாலையை விட்டுத் தூரத்தில், வாடகை மலிவென்று அறை பிடிப்பவர்கள் மிச்சம் பிடித்த பணத்தை ரயிலுக்கும், மிஞ்சிய தெம்பை நடைக்கும் செலவிடுவார்கள். நள்ளிரவையொட்டி ரயில்கள் நின்றுவிடும். அப்புறம் டாக்ஸிதான், அதன் கட்டணம் நம் சட்டைப் பையை நன்றாகக் கனம் குறைத்துவிடும்.

ஷின்ஜுகு, உலகிலேயே மிக அதிகமான ஜனங்கள் வந்துபோகும் ரயில் நிலையம். இளைஞர்களுக்கு அது வேடிக்கை. பாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்துச் செல்வோருக்குச் சோதனை. கின்ஸாவின் அழகைப் பார்க்கப் பணம் வேண்டாம், தங்கத்தான் வேண்டும். குடும்பஸ்தர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது உயேனோவும் அஸகுஸாவுமே. உயேனோவில் பொருட்காட்சி சாலைகளும், தாமரை பூக்கும் ஷினோபஸு குளமும் உண்டு. நரிதா விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய முக்கால் மணியில் நேராக வந்து இறங்கலாம். அஸகுஸாவில் கன்னோன் தேவியின் பழைய ஆலயமான ஸென்ஸோஜி இருக்கிறது. அது யமனோதே பாதையில் இல்லையே எனலாம். 1927-ல் திறந்த சுரங்க ரயில் இரண்டு பேட்டைகளையும் இணைக்கிறது. சில நிமிஷப் பயணந்தான்.

இனி அறை. சாதாரண ஹோட்டல்களில் பெட்டியைத் திறந்தால் மனிதர் நிற்க இடமிராது. மனிதர் நின்றால் பெட்டியைத் திறக்க இயலாது. 'ரியோகான்' என்னும் ஜப்பானிய விடுதியிலோ பாய் பரப்பிய தரையில் மெத்தை விரித்துப் படுக்கலாம். நமக்குப் புதிய வழக்கமல்ல. ஆனால் அங்கே அறைக்கல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை கேட்பது வழக்கம். முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தின் வயதையும் கேட்பது நலம். பூகம்பத்தைத் தாங்கும் கட்டட விதிகள் 1981-ல் கடுமையாக்கப்பட்டன.

சைவ உணவினர் கவனிக்க: காய்கறி மட்டுமே மிதக்கும் சாற்றிலும் மீனின் ஸாரம் இறங்கியிருக்கும். மாதக்கணக்கில் தங்குவோர் எதொகாவா வட்டாரத்து நிஷிகஸாயை நாடலாம். இந்தியக் குடும்பங்கள் பல அங்கே குடியேறியிருப்பதால் பருப்பும் மஸாலாவும் அகப்படும்.

இவ்வளவும் பணம் கொடுத்துத் தேடும் ஜாகை. பணத்தால் கிடைக்காத ஜாகை ஒன்றும் டோக்கியோவில் இருந்தது. 1915-ல் பிரிட்டிஷாரின் நிர்ப்பந்தத்தால் ராஷ் பிஹாரி போஸை நாட்டை விட்டு வெளியேறும்படி ஜப்பானிய அரசாங்கம் உத்தரவிட்டது. ஷின்ஜுகுவில் நகமுராயா என்னும் ரொட்டிக் கடை நடத்திய ஸோமா தம்பதிகள், ஆபத்தை அறிந்தே, அவரைத் தங்கள் இடத்தில் ஒளித்து வைத்தார்கள். பிறகு தங்கள் மகளையும் அவருக்கு மணம் செய்து கொடுத்தார்கள். அவர் கற்பித்த இந்தியக் கறி 1927 முதல் அங்கே பரிமாறப்பட்டு வருகிறது.

உயேனோவில் தங்கினாலும் ஒரு நாள் பகலில் ஷின்ஜுகு சென்று அதை ருசி பார்க்கலாம். கறியில் கோழி உண்டு. சைவர்கள் வாசலில் நின்று வணங்கிவிட்டு வந்தாலும் போதும்.