‘இனிமே பிசியோதான்’

"உயிரைக் காப்பாத்தியாச்சு. இனிமே எங்க கையில ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் பிசியோ வச்சுக்குங்க."

பக்கவாதம் வந்தவர், முதுகெலும்பு முறிந்தவர், விபத்தில் தலையில் அடிபட்டவர் என்று யாரை டிஸ்சார்ஜ் செய்தாலும் பெரும்பாலும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். சொல்கிற டாக்டர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவருக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். கேட்டுக்கொள்கிற குடும்பமும் அதை அப்படியே நம்புகிறது. மருத்துவம் முடிந்தது, மிச்சம் இருப்பது கையைக் காலை நீட்டி மடக்குகிற வேலை, அதற்கு டாக்டர் எதற்கு என்கிற எண்ணம் டீக்கடையிலிருந்து மருத்துவக் கல்லூரி வரை வேரோடிக் கிடக்கிறது. இந்த எண்ணம் ஆட்களைக் கொல்கிறது. கொல்லாத இடத்தில் கட்டிலோடு கட்டிப்போடுகிறது.

என் சித்தப்பா பனையிலிருந்து விழுந்தவர். நெஞ்சுக்கு நேரே தண்டுவடம் நசுங்கிவிட்டது. கைகள் நன்றாக இருக்கின்றன. மார்புக்குக் கீழே ஈ உட்கார்ந்தாலும் தெரியாது. விழுந்து இரண்டாவது வருடம், குதிகாலில் வந்த புண்ணுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ராத்திரி பதினொரு மணி இருக்கும். "தலை வெடிக்குதுடா" என்று கத்தினார். முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று சிவந்து, வேர்வை கொட்டுகிறது. டியூட்டி டாக்டர் ஓடிவந்து ரத்த அழுத்தம் பார்த்தார். 220/120. சித்தப்பாவுக்கு வழக்கமாக இருப்பது 100/60. அந்த இளைஞர் பதறினாரே ஒழிய அலட்சியம் காட்டவில்லை. படுத்த நிலையிலேயே வைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரை கொடுக்கவும் ஸ்கேனுக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

வெந்நீர் வாங்கப் போயிருந்த சித்தி அப்போதுதான் உள்ளே வந்தார். ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்த கையோடு கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கி அவரை உட்காரவைத்தார். போர்வையை விலக்கினார். தொடைக்கு அடியில் மூத்திர ட்யூப் மடங்கி நசுங்கிக் கிடந்தது. எடுத்து நேராக்கினார். பைக்குள் மூத்திரம் சலசலவென்று இறங்கியது. பத்து நிமிடத்தில் அழுத்தம் 150க்கு வந்தது. அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கு.

நடந்தது இதுதான். மூத்திரப்பை நிரம்பி முட்டுகிறது. அந்தச் செய்தி தண்டுவடத்தில் ஏறுகிறது. முறிந்த இடத்தைத் தாண்டி மூளைக்குப் போக வழியில்லை. கீழே இருக்கிற நரம்புகள் தன்போக்கில் ரத்தக் குழாய்களை இறுக்குகின்றன, அழுத்தம் தாறுமாறாக ஏறுகிறது. ‘போதும், நிறுத்து’ என்று மூளை போடுகிற கட்டளையும் முறிவைத் தாண்டி இறங்குவதில்லை. ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்லெக்ஸியா என்று பெயர். மார்பின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு வரக்கூடியது. விட்டால் மூளையில் ரத்தக் குழாய் வெடிக்கும். உட்காரவை, ட்யூபைப் பார், மலம் கட்டியிருக்கிறதா பார், அதற்கும் இறங்காவிட்டால் மருந்து: செய்ய வேண்டிய வரிசை இவ்வளவுதான்.

சித்தி எட்டாம் வகுப்பு வரை படித்தவர். விபத்துக்குப் பிறகு ஆறு வாரம் ஒரு மறுவாழ்வு மருத்துவ வார்டில் தங்கியிருந்தோம். அங்கிருந்த டாக்டரம்மா தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது சித்தியிடம் கேட்பார்: "தலை வலிச்சா முதல்ல எதைப் பாப்பீங்க?" ஒப்பிக்கவைத்தே விடுவார். ஐந்தரை வருடம் எம்.பி.பி.எஸ். படித்தவரிடம் அந்தக் கேள்வியை யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவரைப் படிக்கவைத்த முறையின்மேல்தான் கோபம்.

இது டாக்டர் வேலை இல்லையென்றால் வேறு எது டாக்டர் வேலை?

முதல் உலகப் போரில் தண்டுவடம் அறுந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. பலரைக் கொன்றது குண்டு அல்ல. படுக்கைப் புண்ணும் மூத்திரத்தில் வந்த தொற்றும் கொன்றன. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற நரம்பியல் மருத்துவர் பொறுப்பேற்றபோதும், இவர்கள் எப்படியும் சாகப்போகிறவர்கள் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. அவர் நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடவைத்தார். ராத்திரியும் எழுந்துவந்து அது நடக்கிறதா என்று பார்த்தார். மூத்திரப்பையைத் தொற்று இல்லாமல் காத்தார். 1948இல் லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாளில், தன் மருத்துவமனைப் புல்வெளியில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வளர்ந்தது. அந்தப் புல்வெளியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். புரட்டிப் போட்ட ராத்திரிகள் இல்லாமல் அந்தப் போட்டிக்கு ஆள் உயிரோடு இருந்திருக்காது.

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, நம் வேலூர் இருக்கிறது. மேரி வர்கீஸ் அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அறுவை மருத்துவர் பால் பிராண்டின் ஊக்கத்தால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி, வேலூரில் அதற்கென்று துறையை நடத்தினார். 1966இல் அங்கே தனி நிலையமே எழுந்தது. இந்தியாவில் இந்தத் துறைக்கு வழிபோட்டவர் நம் மண்ணில் வேலை செய்தவர். அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் படித்தவர்களிடம்கூட "பி.எம்.ஆர். டாக்டர்", அதாவது மறுவாழ்வு மருத்துவர், என்று சொன்னால், பிசியோவா என்று கேட்கிறார்கள்.

பிசியோதெரபிஸ்ட்களைக் குறைத்துச் சொல்லவில்லை. சித்தப்பாவை உட்காரவைத்தவர்கள் அவர்கள்தான். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக இன்று குக்கிராமத்து வீட்டு வாசலுக்கே பிசியோ வருகிறார். அது பெரிய காரியம். ஆனால் அவர் வந்து பார்க்கும்போது பக்கவாதக்காரரின் கை முழங்கையில் மடங்கி, விரல் உள்ளங்கையில் குத்தி, நகம் பட்டுப் புண்ணாகியிருக்கிறது என்று வையுங்கள். எவ்வளவு நீட்டினாலும் இறுக்கம் திரும்ப வருகிறது. எந்தத் தசைக்குப் போட்டுலினம் ஊசி, எந்த நரம்புக்கு ஃபீனால், யாருக்கு மாத்திரை போதும், யாருக்கு அந்த இறுக்கத்தைத் தொடவே கூடாது (சிலர் அந்த இறுக்கத்தை ஊன்றித்தான் எழுந்து நிற்கிறார்கள்) என்று முடிவுசெய்ய ஒரு மருத்துவர் வேண்டும். தோள் வலிக்கிறது என்றால் மூட்டு நழுவியதா, நரம்பு வலியா, சட்டை மாட்டும்போது வீட்டார் அந்தக் கையைப் பிடித்து இழுத்ததில் வந்ததா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இடுப்பு வீங்கியிருக்கிறது, ரத்தக்கட்டா, தசைக்குள் எலும்பு வளர்கிறதா? பிசியோவுக்கு அழைத்துக் கேட்க ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

ஆராய்ச்சி பற்றிய பேச்சே நம்மிடம் இல்லை. "உடற்பயிற்சியில் ஆராய என்ன இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் எவ்வளவு அதிகம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது" என்பார்கள். 2015இல் வெளியான அவெர்ட் ஆய்வு இந்த நினைப்பை உடைத்தது. பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்கவைத்தால் நல்லது என்று நம்பி 2,104 பேரை வைத்துச் சோதித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், அப்படிச் செய்யப்பட்டவர்களில் நன்றாகத் தேறியவர்கள்தான் குறைவு. மூன்று மாதத்தில் வராத கை அப்புறம் வரவே வராது என்றும் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். 2006இல் வந்த எக்ஸைட் ஆய்வில், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆன 222 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பலவீனமான கையைப் புழங்கவைத்தார்கள். கை தேறியது; ஒரு வருடம் கழித்தும் தேறிய நிலை நின்றது.

நம் நாட்டிலேயே நடந்தது அட்டெண்ட் ஆய்வு. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே செய்யவைத்துப் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்த்து, பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 47 சதவீதம். அந்தப் பயிற்சியால் வித்தியாசம் இல்லை. வீட்டாருக்கு நாலு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும் என்கிறவர்கள் இந்த ஒரு ஆய்வையாவது படிக்க வேண்டும். சித்திக்குக் கிடைத்தது நாலு வார்த்தை அல்ல. ஆறு வாரம் வார்டில், ஒரு குழுவே கூட இருந்தது. இன்றும் போன் செய்தால் எடுக்கிற மருத்துவர் இருக்கிறார்.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் ஆடம்பரம் என்கிற வாதம்தான் என்னை மிகவும் வேதனைப்படுத்துவது. 1972இல் ஜாக் லாபிடெஸ் என்ற அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர் ஒன்றைச் சொன்னார்: மூத்திரத்தைக் குழாய் விட்டு எடுக்க, ஆபரேஷன் தியேட்டர் அளவுக்குக் கிருமியற்ற முறை தேவையில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான குழாயால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். அந்தக் கண்டுபிடிப்பால்தான் குடிசையில் இருக்கிறவரும் தன் சிறுநீரகத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடிகிறது. ஆராய்ச்சி இல்லாவிட்டால்தான் இது பணக்காரர் வைத்தியமாக இருந்திருக்கும்.

2020இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகள் மருத்துவக் கல்லூரிகளில் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டாயமாக்கின. மகிழ்ந்தோம். 2023இல் வந்த விதிகளில் கட்டாயத் துறைகளின் பட்டியலில் அது இல்லை. மூன்றே வருடம். உலகில் 241 கோடிப் பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, மறுவாழ்வுச் சிகிச்சை பயன்தரும் என்று 2020இல் லான்செட் இதழ் கணக்குச் சொல்லியிருக்கிறது. அதைப் படித்துவிட்டும் ஒரு துறையைப் பட்டியலிலிருந்து எடுக்க எப்படி மனம் வந்தது? துறை இல்லாத கல்லூரியில் எம்.டி. இடம் வராது, ஆய்வு நடக்காது. அங்கே படிக்கிற மாணவர் தன் முதல் தண்டுவட நோயாளியைப் பட்டதாரி ஆன பிறகு, நள்ளிரவில், தனியாகத்தான் பார்ப்பார்.

அந்தத் துறையைத் திரும்பக் கட்டாயமாக்க வேண்டும். ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் ஒரு மாதமாவது அந்த வார்டில் நின்று, நோயாளியைப் புரட்டிப் போட்டு, ட்யூப் மாற்றி, வீட்டாரோடு பேசிப் பழக வேண்டும். தேர்வில் கேள்வி வர வேண்டும். கேள்வி வராததை யாரும் படிப்பதில்லை.

மறுநாள் காலை டியூட்டி முடிந்து கிளம்பும் முன் அந்த இளைஞர் எங்கள் கட்டிலுக்கு வந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார்.

"அம்மா, ராத்திரி நீங்க செஞ்சதை முதல்ல இருந்து சொல்லுங்க."

"முதல்ல உக்கார வைக்கணும் தம்பி" என்று சித்தி ஆரம்பித்தார். அவர் எழுதிக்கொண்டார்.