கெய்ரோவின் பெயரால் கட்டிய நகரம் கெய்ரோ மக்களுக்குத் திறக்கட்டும்

2015 மார்ச் மாதம் ஷார்ம் எல் ஷேக் பொருளாதார மாநாட்டில் எகிப்து அரசு ஒரு வாக்குறுதி கொடுத்தது. கெய்ரோவில் மூச்சுவிட இடமில்லை. ஆகவே கிழக்கே சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, சூயஸ் செல்லும் வழியில், பாலைவனத்தில் ஒரு புதிய நிர்வாகத் தலைநகரம் எழும். அமைச்சகங்கள் அங்கே போகும். 50 லட்சம் பேர் அங்கே குடியேறுவார்கள். பழைய தலைநகரின் பாரம் குறையும் என்றது. அன்றைய வீட்டுவசதித் துறை அமைச்சர் முஸ்தபா மத்பூலிதான் திட்டத்தை மேடையில் விளக்கினார். 2018 முதல் அவரே பிரதமர்.

சொன்ன கட்டடங்கள் எழுந்துவிட்டன. ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த கோபுரம் நிற்கிறது. 2019 ஜனவரியில் பெரும் பேராலயமும் பெரும் பள்ளிவாசலும் ஒரே நாளில் திறக்கப்பட்டன. 2023இல் அமைச்சகங்கள் இடம்பெயர்ந்தன. 2024 ஏப்ரலில் அதிபர் அப்தெல் ஃபத்தா அல் சிசி தம் மூன்றாவது பதவிக்காலத்துக்கான உறுதிமொழியை அங்குள்ள புதிய நாடாளுமன்றத்தில்தான் எடுத்துக்கொண்டார். ஆனால் எந்த மக்களின் நெரிசலைக் காட்டி இந்த நகரம் எழுப்பப்பட்டதோ, அவர்களுக்கு அங்கே இடமில்லை. இதைத் திட்டமிடலில் நேர்ந்த சிறு பிசகு என்று ஒதுக்கிவிட முடியாது. இது மக்களுக்குச் செய்த வாக்குத் தவறல். வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். 2018இல் அரசு அங்கே தன் முதல் குடியிருப்புகளை விற்பனைக்கு விட்டபோது ஒரு சதுர மீட்டர் சுமார் 11,000 எகிப்திய பவுண்டு. அன்று அரசு ஊழியரின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,200 பவுண்டு. ஒன்பது மாதம் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் ஒரு சதுர மீட்டர் முழுதாகக் கைக்கு வராது. பாய் விரித்துப் படுக்கக்கூட அந்த இடம் போதாது. புதிய நகரத்து அலுவலகங்களில் கோப்பு எழுதுகிறவருக்கும் தரை கூட்டுகிறவருக்கும் அந்த நகரத்தில் வீடு இல்லை. அதிகாலையில் கெய்ரோவிலிருந்து பேருந்திலும் ரயிலிலும் புறப்பட்டு, மாலையில் அதே வழியில் திரும்புகிறார்கள். பயணத்தை நீட்டிவிட்டு அதற்கு நெரிசல் குறைப்பு என்று பெயர் வைப்பது என்ன நியாயம்?

இது முதல் முயற்சியாக இருந்தால் அனுபவக் குறைவு என்று பொறுத்துக்கொள்ளலாம். அப்படியும் இல்லை. அன்வர் சதாத் காலத்திலேயே, 1977இல் பத்தாம் ரமலான் நகரம், 1979இல் ஆறாம் அக்டோபர் நகரம் என்று பாலைவனத் துணைநகரங்கள் தொடங்கப்பட்டன. இவற்றுக்காகவே 1979இன் 59ஆம் எண் சட்டம் புதிய நகர்ப்புறச் சமுதாயங்கள் ஆணையத்தை உருவாக்கியது. நோக்கம் நல்லது. நாட்டின் பெரும்பான்மை மக்கள் நைல் கரையோரத்திலும் கழிமுகத்திலும் மொத்த நிலப்பரப்பின் மிகச் சிறு பகுதிக்குள் அடைந்து வாழ்கிறார்கள். வீடு பெருகப் பெருக விளைநிலம் கரைகிறது. பாலையில் வீடு எழும்பினால் வயல் பிழைக்கும் என்று எண்ணினார்கள். தொழிற்சாலைகள் வந்தன. தொழிலாளர்கள் குடியேறவில்லை; வெளியூர்களிலிருந்து தினமும் வந்து போனார்கள். 2000இல் நியூ கெய்ரோ தனி நகரமாக்கப்பட்டபோது அது வசதி படைத்தோரின் மதில் சூழ்ந்த குடியிருப்புகளுக்குப் பேர்போன ஊராயிற்று. எந்த நகரமும் தனக்குக் குறித்த மக்கள்தொகையைக் குறித்த காலத்தில் எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்பதும் தெரியாத ரகசியமல்ல. எகிப்தில் பணமதிப்பு சரியச் சரிய, நடுத்தர வர்க்கமும் வளைகுடாவில் உழைப்பவர்களும் சேமிப்பை அடுக்ககத்தில் போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். 2016 நவம்பரில் பவுண்டு சந்தையின் போக்குக்கு விடப்பட்ட பிறகும், 2022 முதல் 2024 வரை அது மீண்டும் மீண்டும் வீழ்ந்த பிறகும் இந்தப் பழக்கம் இறுகியது. காலி வீட்டைப் பூட்டி வைத்திருப்பவருக்கு அதனால் பெரிய வரிச்சுமை ஏதும் இல்லை. விளைவு, 2017 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும், கட்டி முடியாதவற்றையும் சேர்த்து, 1.2 கோடிக்கும் அதிகமான வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. வீடே இல்லாத பஞ்சம் அல்ல இது. இருக்கிற வீட்டுக்குள் இல்லாதவர் நுழைய முடியாத பஞ்சம். இந்த நோய்க்கு மேலும் லட்சம் வீடு கட்டி விற்பது மருந்தாகாது என்பதை நாற்பதாண்டு அனுபவம் சொல்லிவிட்டது. அதைக் கேட்க மறுத்தார்கள் என்பதே நம் முதல் குற்றச்சாட்டு.

நெரிசலில் வாழ்கிறவர்கள் யார் என்பதை அரசு மறந்துவிட்டது. பெருங்கெய்ரோவின் 2 கோடிக்கும் அதிகமான மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இம்பாபா, பூலாக் அல் தக்ரூர், தார் எஸ் சலாம், மன்ஷியத் நாசர் போன்ற முறைசாராக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அரசு வீடு கட்டித் தராததால் தாமே செங்கல் அடுக்கிக் கட்டிக்கொண்ட வீடுகள் அவை. கீழே பட்டறை, மேலே குடும்பம், தெருமுனையில் மைக்ரோபஸ் என்று வாழ்க்கை அங்கே நடந்து போகும் தூரத்துக்குள் இருக்கிறது. 2008 செப்டம்பரில் மன்ஷியத் நாசரின் துவைக்கா பகுதியில் முகத்தம் குன்றுப் பாறைகள் சரிந்து விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தப்பியவர்களில் பல குடும்பங்களை ஆறாம் அக்டோபர் நகரத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். கூரை கிடைத்தது, பிழைப்பு கிடைக்கவில்லை. பழைய இடத்தில் இருந்த வேலையும் வாடிக்கையும் உறவும் பாலைவனச் சாலையின் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. வீட்டை மட்டும் பெயர்த்து வைத்தால் வாழ்க்கை பெயர்ந்துவிடாது என்று அன்றே தெரிந்தது. தெரிந்த பாடத்தை அரசு வீசி எறிந்தது.

அடுத்தது பணம். புதிய தலைநகரத்தைக் கட்டும் நிறுவனத்தில் 51 விழுக்காட்டுப் பங்கு ராணுவத் தரப்பிடம். மீதி 49 விழுக்காடு நகர்ப்புறச் சமுதாயங்கள் ஆணையத்திடம். நில விற்பனையிலேயே செலவு ஈடாகிறது, பட்ஜெட்டில் கை வைக்கவில்லை என்று அரசு திரும்பத் திரும்பச் சொல்கிறது. விற்ற நிலம் யாருடையது? எகிப்து மக்களுடையது. மையக் கோபுரங்களுக்குச் சீன வங்கிகள் கொடுத்த கடனை யார் அடைப்பார்கள்? அரசு அலுவலகக் கட்டடங்களுக்காக அந்த நிறுவனத்துக்கு வாடகை செலுத்துவது எந்தக் கருவூலம்? மக்களின் அரசு, மக்களின் நிலத்தில், ராணுவம் பெரும்பங்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு வாடகைக் குடியாக இருக்கிறது. இதன் வரவு செலவு நாடாளுமன்றத்தில் வரிக்கு வரி விவாதிக்கப்படவில்லை. இதை நிர்வாகத் திறமை என்று யாரும் மெச்ச வேண்டாம்.

அதே காலத்தில் சாதாரண மக்களிடம் என்ன சொல்லப்பட்டது? நாடு ஏழை, வயிற்றைக் கட்டுங்கள் என்று சொல்லப்பட்டது. 2018 மே மாதம் கெய்ரோ மெட்ரோ கட்டணம் நீண்ட பயணங்களுக்கு 250 விழுக்காடு வரை ஏற்றப்பட்டது. எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் கைதானார்கள். 2023 செப்டம்பரில் பணவீக்கம் 38 விழுக்காட்டைத் தொட்டது. 2024 மார்ச்சில் பன்னாட்டு நிதியத்துடனான கடன் 800 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. அடுத்த சில மாதங்களில், முப்பதாண்டுகளுக்கும் மேலாகத் தொடாத மானிய ரொட்டியின் விலை 5 பியாஸ்தரிலிருந்து 20 பியாஸ்தராக நான்கு மடங்காயிற்று. கோபுரத்துக்குக் கடன் வாங்கத் தெரிந்த கைக்கு, ரொட்டி என்று வந்ததும் சிக்கனம் நினைவுக்கு வருகிறது. மானியத்தைக் குறைக்கச் சொல்லும் கடன் கொடுத்தவர்களும் இந்த நகரத்தின் கணக்கை அதே கண்டிப்போடு கேட்டிருக்க வேண்டும்.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. 1959 ஒப்பந்தப்படி எகிப்தின் நைல் பங்கு ஆண்டுக்கு 5,550 கோடி கன மீட்டர். மக்கள்தொகை 10 கோடியைத் தாண்டிய பிறகும் அந்த அளவு கூடவில்லை; மேலே எத்தியோப்பியாவின் பெரிய அணையும் எழுந்துவிட்டது. தலைக்கு ஆண்டுக்கு 1,000 கன மீட்டருக்குக் கீழே போனால் தண்ணீர் வறுமை என்பது உலகக் கணக்கு. எகிப்து அதற்கு வெகு கீழே நிற்கிறது. அப்படிப்பட்ட நாட்டில் நைல் நீரைப் பாலைவன மேட்டுக்கு ஏற்றி, பசுமை ஆறு என்று பெயரிட்டு, 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பூங்காவைத் திட்டமிட்டார்கள். அதே ஆண்டுகளில் கெய்ரோவின் ஹெலியோபோலிஸ் பகுதியில் சாலை அகலப்படுத்த நிழல் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன.

அமைச்சகங்கள் காலி செய்த இடமாவது கெய்ரோவுக்குக் கிடைத்ததா? தஹ்ரீர் சதுக்கத்தில் நிற்கும் முகம்மா கட்டடம், எந்தக் குடிமகனும் ஒரு முறையாவது மனுவோடு ஏறி இறங்கிய அரசு அலுவலகம், நாட்டின் இறையாண்மை நிதியத்துக்கு மாற்றப்பட்டு, 2021இல் ஓட்டலாக்குவதற்கு வெளிநாட்டு முதலீட்டாளர் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. குடியிருப்புகளும் தப்பவில்லை. நைல் நடுவே உள்ள வர்ராக் தீவில் 2017 ஜூலையில் வீடிடிக்க வந்தவர்களோடு ஏற்பட்ட மோதலில் உயிர் போயிற்று. கெய்ரோவின் மையத்தில் ஏழைகள் வாழ்ந்த மாஸ்பெரோ முக்கோணப் பகுதி 2018இல் தரைமட்டமானது. நெரிசல் குறைகிறது என்றால் ஏழைகள் வெளியேறுகிறார்கள் என்றுதான் பொருளா?

எதிர்த் தரப்பு வாதத்தையும் கேட்டோம். 2 கோடி பேரை ஒரே நகரம் சுமக்க முடியாது என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறோம். அஸ்மராத் போன்ற இடங்களில் ஆபத்தான பாறையடியிலிருந்து வந்தவர்களுக்கு அரசு வீடு கொடுத்ததையும், 2022இல் புதிய தலைநகரத்துக்கு இலகுரக ரயில் விட்டதையும் மறுக்கவில்லை. புதிய நகரமே கூடாது என்பது நம் நிலையல்ல. யாருக்காக என்று சொல்லித் தொடங்கினார்களோ அவர்களுக்குக் கதவைச் சாத்தியதே குற்றம்.

இப்போது இன்னொரு ஆபத்து வாசலில் நிற்கிறது. 2025இன் புதிய வாடகைச் சட்டம், பழைய கட்டுப்பாட்டு வாடகையில் குடியிருப்பவர்களின் ஒப்பந்தங்களை ஏழாண்டில் முடிக்கிறது. வீட்டு உரிமையாளர்களின் குறையில் நியாயம் இருக்கலாம். ஆனால் முதியவர்கள் நிறைந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் எங்கே போகும்? பூட்டிய வீடுகள் ஒருபுறம், வெளியேற்றப்படப் போகும் குடும்பங்கள் மறுபுறம் என்றிருக்கையில், புதிய தலைநகரத்தின் இரண்டாம் கட்டத்துக்குத் திட்டம் தீட்டுவது பொறுப்பற்ற செயல்.

திருத்திக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது. எகிப்து அரசிடம் நாம் வலியுறுத்துவது இவற்றையே. புதிய தலைநகர நிறுவனத்தின் நில விற்பனை, கடன், வாடகை வருமானம் அனைத்தையும் நாடாளுமன்றத்திலும் மக்கள் முன்பும் வைக்க வேண்டும். முதற்கட்டம் மக்களால் நிரம்பும்வரை இரண்டாம் கட்டத்தை நிறுத்த வேண்டும். துணைநகரங்களில் அரசு கட்டும் வீடுகளில் பெரும்பங்கை விற்காமல், வருமானத்துக்கேற்ற வாடகைக்கு விட வேண்டும். அங்கே வேலை செய்பவர்களுக்கும் புதிய வாடகைச் சட்டத்தால் வீடிழப்பவர்களுக்கும் முதல் உரிமை தர வேண்டும். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் இரண்டாவது, மூன்றாவது வீடுகளுக்கு உறைக்கும்படி வரி போட வேண்டும். புதிய ரயில்களின் கட்டணம் குறைந்த சம்பளக்காரரின் கைக்கு எட்ட வேண்டும். இம்பாபாவுக்கும் தார் எஸ் சலாமுக்கும் கழிவுநீர்க் குழாய், பள்ளி, மருத்துவமனை முதலில் போய்ச் சேர வேண்டும். அருகிலேயே மாற்று வீடு கொடுக்காமல் யாரையும் வெளியேற்றக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்று உண்டு. எகிப்தில் 2011இல் கலைக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்களுக்கு இன்றுவரை தேர்தல் நடக்கவில்லை. தன் தெருவைப் பற்றித் தன் பிரதிநிதியிடம் கேட்கும் வழியே இல்லாத மக்களின் தலைக்கு மேல்தான் இந்த நகரம் எழுந்தது. அந்தத் தேர்தலை உடனே அறிவிக்க வேண்டும். கெய்ரோ மக்களைக் கேட்காமல் கட்டிய நகரத்தை, இனியாவது அவர்களைக் கேட்டு நடத்துங்கள். அதுவரை, நெரிசலைக் குறைத்தோம் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எகிப்து அரசுக்கு இல்லை.